2147483647: ஒரு பெரிய பகா எண்ணின் குணங்களைப் படிப்படியாகக் கண்டறிதல்

ஓர் எண் பகா எண்தானா என்று கேட்டால், நொடியில் ஆம் அல்லது இல்லை என்று சொல்லும் மென்பொருள்கள் ஏராளமாக உள்ளன. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எண்ணைப் பற்றி வேறு எதையும் சொல்ல முடியாது. பெரிய பகா எண் ஒன்றின் குணங்களை அறிய, அதன் இரு பக்கத்திலும் உள்ள எண்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று குறைந்த எண்ணின் காரணிகளும் ஒன்று கூடிய எண்ணின் காரணிகளும் தெரிந்துவிட்டால், பகா எண் என்பதற்கான நிரூபணம், வர்க்கமூலம், அடுக்குகளின் சுழற்சி, மறைக்குறியியலில் (செய்திகளை ரகசியமாக்கும் துறையில்) அது எந்த அளவுக்குத் தாங்கும் என்பது வரை எல்லாமே அவற்றிலிருந்து கிடைத்துவிடும்.

எடுத்துக்காட்டாக 2147483647 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இது 2^31 − 1. (^ என்பது அடுக்குக் குறி.) இனி இதை 'ப' என்றே குறிப்போம். பத்து இலக்கம்தான் என்றாலும், கையால் வகுத்து முடிப்பது பெரும்பாடு. அதேசமயம் எந்தக் கணினியிலும் ஒவ்வொரு வரியையும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். இங்கே சொல்லும் முறைகள் நூறு இலக்க எண்ணுக்கும் பொருந்தும்.

தொடங்கும் முன்: கணக்கிடும் கருவி

பெரும்பாலான தவறுகள் கணிதத்தில் நேர்வதில்லை, கருவியில்தான் நேர்கின்றன. குறியுடைய 32 பிட் முழு எண்ணில் அடங்கும் மிகப்பெரிய மதிப்பே நம் ப-தான். அதோடு 1 கூட்டினால் −2147483648 என்று எதிர்மறைக்குத் தாவிவிடும். வகுத்துப் பார்க்கும் நிரலில் 'எண்ணின் வர்க்கம் ப-ஐத் தாண்டும் வரை ஓடு' என்று எழுதுவது வழக்கம். 46340-இன் வர்க்கம் 2147395600, அது அடங்கும். அடுத்த 46341-இன் வர்க்கம் 2147488281, அது அடங்காது. 32 பிட் மாறியில் இந்த மதிப்பு எதிர்மறையாகிவிடுவதால், 'தாண்டிவிட்டது' என்று நிரலுக்குத் தெரியவே தெரியாது. சுழற்சி நிற்காமல் ஓடும், அல்லது தவறான விடையோடு நிற்கும்.

ஆகவே 64 பிட் முழு எண்களைப் பயன்படுத்துங்கள். ப-ஐ விடச் சிறிய இரண்டு எண்களின் பெருக்கல் 62 பிட்டுக்குள் அடங்கும். தசமப் புள்ளி எண் வகை (ஃப்ளோட்) வேண்டாம். அது 2^53, அதாவது 9007199254740992 வரைதான் ஒவ்வொரு முழு எண்ணையும் பிசகாமல் வைத்திருக்கும். நமக்கு வரும் வர்க்கங்களோ 19 இலக்கம் வரை போகும். விரிதாள்களில் 15 இலக்கத்துக்கு மேல் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். பைத்தானில் இந்தக் கவலை இல்லை. அதன் 'பவ்' செயற்கூறுக்கு அடிமானம், அடுக்கு, வகுக்கும் எண் என்று மூன்று உள்ளீடுகளைக் கொடுத்தால் மீதியை நேரடியாகத் தரும். இரண்டு உள்ளீடு மட்டும் கொடுத்துவிட்டுப் பிறகு மீதி எடுக்க நினைக்காதீர்கள். 7^2147483646 என்ற எண்ணை முழுதாக உருவாக்க முயன்று நினைவகம் திணறிவிடும்.

படி 1: எண்ணைப் பல வடிவங்களில் எழுதுங்கள்

இருமத்தில் ப என்பது 31 ஒன்றுகள், வேறு எதுவும் இல்லை. பதினாறடிமானத்தில் 7-ஐத் தொடர்ந்து ஏழு எஃப். தசமத்தில் இலக்கங்களின் கூடுதல் 46, எனவே 3-ஆல் வகுபடாது. சிறிய எண்களால் வகுத்து மீதிகளை ஓரமாகக் குறித்து வையுங்கள்: 3-க்கு மீதி 1, 4-க்கு 3, 5-க்கு 2, 7-க்கு 1, 8-க்கு 7. பார்க்கச் சாதாரணமாக இருக்கும் இந்த ஐந்து மீதிகள்தான் பின்னால் பாதி வேலையைச் செய்யப்போகின்றன.

படி 2: வகுத்துப் பாருங்கள், ஆனால் எல்லாவற்றாலும் வேண்டாம்

ப-இன் வர்க்கமூலம் 46340.95. அதுவரை உள்ள பகா எண்கள் 4792. கணினிக்கு இது ஒன்றுமே இல்லை. மனிதக் கைக்கு மாதக்கணக்கான வேலை. லெயோனார்டு ஆய்லர் 1772-இல் இந்த எண் பகா எண் என்று அறிவித்தபோது, பெரும்பகுதி வகுத்தலைத் தேவையே இல்லாமல் ஆக்கியிருந்தார். அந்தத் தர்க்கம் இதுதான்.

வ என்ற பகா எண் ப-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2^31-ஐ வ-ஆல் வகுத்தால் மீதி 1. 2-இன் அடுக்குகளை வ-ஆல் வகுத்து மீதிகளை வரிசையாக எழுதினால், மீதி முதன்முதலில் 1 ஆகும் அடுக்கு 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண். அடுக்கு 1-ஆக இருக்க வழியில்லை. எனவே அது 31-ஏதான். ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 2^(வ−1)-இன் மீதியும் 1. ஆகவே 31 என்பது வ − 1-ஐ வகுக்கும். வ ஒற்றை எண் என்பதால் வ = 62க + 1 என்ற வடிவில்தான் இருக்க முடியும் (க ஒரு முழு எண்).

இன்னொரு வடிகட்டியும் உண்டு. 2^31-இன் மீதி 1 என்றால் 2^32-இன் மீதி 2. அதாவது 2 என்பது 2^16-இன் வர்க்கத்துக்குச் சமானம். வ-க்கு 2 ஒரு வர்க்கமாக அமைய வேண்டுமானால், வ-ஐ 8-ஆல் வகுத்த மீதி 1 அல்லது 7-ஆக இருந்தாக வேண்டும். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால் வ-க்கு இரண்டே வடிவங்கள் மிஞ்சும்: 248க + 1, 248க + 63.

46340-க்குள் இந்த வடிவங்களில் 63-ஐ விட்டுவிட்டால் 372 எண்கள் உள்ளன. அவற்றுள் பகா எண்கள் 80 அளவில்தான் இருக்கும். 4792 வகுத்தல் 80 ஆகச் சுருங்கிவிட்டது. முதல் சிலவற்றைச் செய்து பாருங்கள்: 311-ஆல் வகுத்தால் மீதி 35, 1303-ஆல் 226, 1489-ஆல் 199. இடையில் வரும் 249, 497, 559, 745, 807, 993, 1055, 1241 எல்லாம் பகு எண்கள், விட்டுவிடலாம்.

இந்த வடிகட்டி நம் எண்ணுக்கு மட்டும் உரியதல்ல. 2^11 − 1 = 2047 = 23 × 89. இரண்டு காரணிகளும் 22க + 1 வடிவில் இருப்பதைக் கவனியுங்கள். 2^23 − 1 = 47 × 178481. 47 என்பது 46 + 1. 2^29 − 1 = 233 × 1103 × 2089. 233 என்பது 58 × 4 + 1. அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் இவையே சாட்சி.

படி 3: ப − 1, ப + 1 இரண்டையும் காரணிப்படுத்துங்கள்

ப + 1 = 2^31. இதில் செய்ய எதுவும் இல்லை.

ப − 1 = 2 × (2^30 − 1) = 2 × (2^15 − 1) × (2^15 + 1) = 2 × 32767 × 32769. முதலாவது 7 × 31 × 151. இரண்டாவது 3 × 3 × 11 × 331. ஆக,

ப − 1 = 2 × 3^2 × 7 × 11 × 31 × 151 × 331.

இங்கே ஒரு நிமிடம் நிற்பது நல்லது. எந்தப் பெரிய பகா எண்ணுக்கும் இந்தப் படிதான் மிகக் கடினம். சாதாரணமான ஒரு 200 இலக்கப் பகா எண்ணுக்கு ப − 1-ஐ முழுதாகக் காரணிப்படுத்துவது பெரும்பாலும் நடக்காத காரியம். நம் எண் அடுக்கு வடிவில் இருப்பதால்தான் இயற்கணித அடையாளம் கைகொடுத்தது. காரணிகளைப் பெருக்கி 2147483646 திரும்ப வருகிறதா என்று பார்த்துவிட்டே அடுத்த படிக்குப் போங்கள். ஒரு காரணி விடுபட்டால் கீழே வரும் எல்லாமே ஆட்டம் கண்டுவிடும்.

படி 4: பகா சோதனை, 2 என்ற அடிமானத்தின் பொறி

ப பகா எண் என்றால், ப-ஆல் வகுபடாத எந்த எண்ணை ப − 1 அடுக்குக்கு உயர்த்தினாலும் மீதி 1. இதைத் திருப்பிப் போட்டு, '2-ஐ உயர்த்திப் பார்த்தேன், 1 வந்தது, ஆகவே பகா எண்' என்று முடிவுகட்டுவது பரவலான தவறு. நம் வகை எண்களில் இது இன்னும் மோசம். பகா அடுக்கு கொண்ட எந்த 2^ந − 1 எண்ணும், பகு எண்ணாக இருந்தாலும், இந்தச் சோதனையில் தேறிவிடும். 2047-ஐப் பாருங்கள். 2^11-இன் மீதி 1. 2046 என்பது 11-இன் மடங்கு. எனவே 2^2046-இன் மீதியும் 1. ஆனால் 2047 = 23 × 89. இன்னும் கடுமையான மில்லர்–ராபின் சோதனையிலும் 2-ஐ அடிமானமாகக் கொண்டால் 2047 தப்பிவிடுகிறது. அப்படித் தப்பும் மிகச்சிறிய பகு எண் அதுவே. ஆகவே மெர்சென் வடிவ எண்களை, அதாவது 2^ந − 1 வடிவ எண்களை, 2-ஆல் மட்டும் சோதிப்பது எதையுமே சோதிக்காததற்குச் சமம்.

மில்லர்–ராபின் சோதனையை 2, 3, 5, 7 ஆகிய நான்கு அடிமானங்களுக்கும் செய்யுங்கள். 3215031751-க்குக் கீழே உள்ள எந்தப் பகு எண்ணும் இந்த நான்கையும் சேர்ந்து ஏமாற்ற முடியாது என்பது முழுமையாகச் சரிபார்க்கப்பட்ட உண்மை. நம் எண் அதற்குள் அடங்குவதால், நான்கிலும் தேறினால் அதுவே நிரூபணம். ப − 1-இல் 2 ஒரே ஒருமுறைதான் காரணியாக உள்ளது. எனவே ஒவ்வோர் அடிமானத்தையும் ஒரே ஓர் அடுக்குக்கு உயர்த்தி, ப-ஆல் வகுத்த மீதி 1 அல்லது −1 ஆகிறதா என்று பார்த்தால் போதும்: (ப − 1)/2 = 1073741823. வர வேண்டிய விடைகள் இவை. 2-க்கு 1. 3, 5, 7 மூன்றுக்கும் 2147483646, அதாவது −1. வேறு எந்த எண் வந்தாலும் உங்கள் நிரலில் பெருக்கல் எங்கோ நிரம்பி வழிகிறது என்று பொருள்.

3, 5, 7-க்கு ஏன் −1 என்பதைக் கணக்கிடாமலே சொல்லிவிடலாம். படி 1-இல் குறித்த மீதிகளை எடுங்கள். ஏதோ ஒரு முழு எண்ணின் வர்க்கத்தை ஒரு பகா எண்ணால் வகுத்தால் வரும் மீதியை, அந்தப் பகா எண்ணுக்கு வர்க்க எச்சம் என்பார்கள். வர்க்க எச்சங்களின் தலைகீழ் விதிப்படி, 4-க்கு மீதி 3 தரும் இரண்டு பகா எண்களில் ஒன்று மற்றதற்கு வர்க்க எச்சமாக இருந்தால், மற்றது இதற்கு வர்க்க எச்சமாக இராது. ப-க்கு 3-இலும் 7-இலும் மீதி 1. 1 எப்போதும் வர்க்கம். எனவே 3-உம் 7-உம் ப-க்கு வர்க்க எச்சங்கள் அல்ல. 5-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் அங்கே தலைகீழாவதில்லை, 5-க்கு ப எப்படியோ ப-க்கு 5-உம் அப்படியே. 5-இல் ப-இன் மீதி 2. 5-க்கு 1-உம் 4-உம் மட்டுமே வர்க்கங்கள். ஆகவே 5-உம் இல்லை. விடை எப்படி வர வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு கணினியை ஓட்டுவதில் உள்ள பயன் பெரிது. கருவியே பிழை செய்தாலும் உடனே கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

படி 5: ப − 1 வழியாக நிரூபணம்

பெரிய எண்களுக்கு நான்கு அடிமானம் என்ற சலுகை கிடையாது. அங்கே பாக்லிங்டனின் முறை உதவும். ப − 1-இல் முழுதாகக் காரணிப்படுத்திய பகுதி வர்க்கமூலத்தை விடப் பெரிதாக இருந்தால் போதும், மீதியைப் பிரிக்கவே வேண்டாம்.

நம் எண்ணில் 331 × 151 = 49981. இது 46340-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே இந்த இரண்டு காரணிகளே போதும், மற்ற ஐந்தையும் மறந்துவிடலாம். செய்ய வேண்டியவை மூன்றுதான். முதலில், 7^(ப−1)-இன் மீதி 1 என்று உறுதிசெய்யுங்கள். அடுத்து, (ப − 1)/331 = 6487866. 7^6487866-இன் மீதியிலிருந்து 1-ஐக் கழித்து, அந்த எண்ணுக்கும் ப-க்கும் மீப்பெரு பொது வகுத்தி காணுங்கள். அது 1-ஆக இருக்க வேண்டும். கடைசியாக, (ப − 1)/151 = 14221746-ஐ அடுக்காகக் கொண்டு அதையே திரும்பச் செய்யுங்கள்.

இது ஏன் நிரூபணமாகிறது? ப-ஐ வகுக்கும் பகா எண் வ ஒன்று இருந்தால், மேற்சொன்ன நிபந்தனைகள் வ − 1 என்பது 49981-ஆல் வகுபட வேண்டும் என்று கட்டாயப்படுத்துகின்றன. அப்படியானால் வ குறைந்தது 49982. ப பகு எண்ணாக இருந்தால் அதற்கு 46340-க்குள் ஒரு காரணி இருந்தே ஆக வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாது. மொத்தச் சான்றும் நான்கு வரியில் அடங்கிவிடும், யார் வேண்டுமானாலும் நொடியில் சரிபார்க்கலாம். 331-உம் 151-உம் பகா எண்கள் என்பது கண்ணாலேயே தெரிகிறது. பெரிய எண்களில் அந்தக் காரணிகளுக்கும் இதேபோல் தனித்தனிச் சான்று இணைக்க வேண்டும்.

மீப்பெரு பொது வகுத்திக்குப் பதிலாக 'மீதி 1 இல்லை, போதும்' என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. காரணிகளில் ஒரு பகுதியை மட்டும் பயன்படுத்தும்போது அது போதாது.

படி 6: ப + 1 வழியாக நிரூபணம்: லூக்காஸ்–லெமர்

ப + 1 வெறும் 2-இன் அடுக்கு என்பதால், இந்த வகை எண்களுக்கென்றே அமைந்த சோதனை ஒன்று உண்டு. 4-இல் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி, 2 கழித்து, ப-ஆல் வகுத்த மீதியை எடுங்கள். அடுக்கு 31 என்றால் இதை 29 முறை செய்ய வேண்டும். கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். இரு பக்கமும் உறுதியான முடிவு. 4 என்பது (2 + √3), (2 − √3) இரண்டின் கூடுதல். ஒவ்வொரு சுற்றிலும் இவற்றின் அடுக்கு இரட்டிப்பாகிறது. ப + 1 என்பது 2-இன் அடுக்காக இருப்பதால் இந்த இரட்டிப்பு சரியாக இலக்கில் போய் விழுகிறது.

4, 14, 194, 37634, 1416317954 வரை மீதி எடுக்கவே தேவையில்லை, எல்லாம் ப-க்குள் இருக்கும். அடுத்த அடியை நெருங்கிப் பார்ப்போம்.

1416317954-இன் வர்க்கத்தில் 2 கழித்தால் 2005956546822746114. இதை ப-ஆல் நேரடியாக வகுக்க வேண்டாம். 2^31-ஆல் வகுத்தால் ஈவு 934096307, மீதி 1883058178. இருமத்தில் இது வெறும் வெட்டுதான்: மேல் பிட்டுகள் ஈவு, கீழ் 31 பிட்டுகள் மீதி. 2^31 என்பது ப-க்கு 1 என்ற மீதி தருவதால், ஈவையும் மீதியையும் அப்படியே கூட்டிவிடலாம்: 2817154485. இது ப-ஐத் தாண்டுகிறது, ஒருமுறை கழித்தால் 669670838. அடுத்த உறுப்பு தயார். வகுத்தல் என்பதே நடக்கவில்லை. மெர்சென் எண்கள் கணினியில் இவ்வளவு வேகமாகச் சோதிக்கப்படுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

தவறு நேரும் இடங்கள் மூன்று. ஒன்று, எண்ணிக்கை. தொடக்க உறுப்பான 4-ஐயும் ஒரு சுற்றாக எண்ணி 28-இல் நிறுத்திவிடுவது. இரண்டு, மடித்துக் கூட்டும்போது விடை 0-க்குப் பதில் ப-ஆகவே நின்றுவிடுவது. 31 ஒன்றுகளும் 31 பூஜ்யங்களும் இங்கே ஒரே மதிப்புதான், நிரலுக்கு அது தெரியாது. ஆகவே 'ப-க்குச் சமம் என்றாலும் கழி' என்று எழுதுங்கள். மூன்று, மீதி 0 அல்லது 1 வந்த நிலையில் 2 கழித்து எதிர்மறையாவது. அப்போது ப-ஐக் கூட்ட வேண்டும்.

இடையில் ஒரு பிட் மாறினாலும் அதன்பின் வரும் எல்லாமே குப்பை, வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. கடைசிக்கு முந்தைய உறுப்பு மட்டும் ஒரு நல்ல சோதனைச் சாவடி. அதன் வர்க்கம் 2 என்ற மீதியைத் தர வேண்டும் என்பதால், அது 65536 அல்லது ப − 65536 = 2147418111, இரண்டில் ஒன்றாகவே இருக்க முடியும். நிரலைப் பழக 2047-ஐப் பயன்படுத்துங்கள். 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736 என்று வர வேண்டும். முடிவு 0 இல்லை, எனவே பகு எண்.

படி 7: வர்க்கங்கள்

ப-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3 என்பதால் வர்க்கமூலம் காண்பது எளிது: அ-வின் மூலம் அ^((ப+1)/4). இங்கே (ப + 1)/4 = 2^29. அதாவது அ-வை 29 முறை தொடர்ந்து வர்க்கப்படுத்தினால் அதன் வர்க்கமூலம் வந்து நிற்கும். 2-க்குச் செய்தால் 65536 கிடைக்கும். படி 6-இல் பார்த்த அதே எண்.

ஆனால் இந்தச் சூத்திரம் எதைக் கொடுத்தாலும் ஏதோ ஒரு விடை சொல்லிவிடும். 3-ஐக் கொடுத்தால் வருவது −3-இன் மூலம், ஏனெனில் 3 வர்க்க எச்சமே அல்ல. கிடைத்த விடையை வர்க்கப்படுத்திப் பார்க்காமல் ஏற்க வேண்டாம்.

மீதி 3 என்பதால் ப-ஐ இரண்டு முழு எண் வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியாது. 8-ஆல் வகுத்தால் மீதி 7 என்பதால் மூன்று வர்க்கங்களாகவும் முடியாது. நான்கு கட்டாயம் தேவை. ஒரு வழி: 46339^2 + 425^2 + 10^2 + 1^2. கூட்டிப் பாருங்கள்: 2147302921 + 180625 + 100 + 1. இப்படித் தேடும்போது முதலில் 46340-ஐ எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். அதன் வர்க்கம் 8-ஆல் வகுபடும், மிச்சம் மறுபடி 7 என்ற மீதியோடே நிற்கும், அதற்கே நான்கு வர்க்கம் வேண்டியிருக்கும். ஒற்றை எண்ணில் தொடங்கினால் மிச்சத்துக்கு மூன்று போதும்.

படி 8: அடுக்குகளின் சுழற்சி

2-இன் அடுக்குகள் 31 அடியிலேயே 1-க்குத் திரும்பிவிடும். 7-இன் அடுக்குகளோ ப − 1 அடிகளும் போய், 1 முதல் ப − 1 வரை உள்ள ஒவ்வோர் எண்ணையும் ஒருமுறை தொட்ட பிறகே திரும்பும். அத்தகைய எண்ணைப் பிறப்பாக்கி என்போம். சரிபார்க்கும் முறை: ப − 1-இன் ஏழு பகா காரணிகள் ஒவ்வொன்றாலும் ப − 1-ஐ வகுத்து, அந்த அடுக்குக்கு 7-ஐ உயர்த்துங்கள். ஒன்றில்கூட 1 வரக் கூடாது. பிறப்பாக்கிகளின் மொத்த எண்ணிக்கை 1 × 6 × 6 × 10 × 30 × 150 × 330 = 534600000. கிட்டத்தட்ட நான்கில் ஒரு எண் பிறப்பாக்கி. எனவே கண்மூடி எடுத்துச் சோதித்தாலும் சில முயற்சிகளில் ஒன்று கிடைத்துவிடும்.

7^5 = 16807-உம் பிறப்பாக்கியே, ஏனெனில் 5 என்பது ப − 1-ஐ வகுக்காது. பார்க், மில்லர் இருவரும் 1988-இல் முன்வைத்த சமவாய்ப்பு எண் முறையின் அடிப்படை இதுதான். ஒவ்வொரு முறையும் 16807-ஆல் பெருக்கி மீதி எடு. 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று போகும். 10000-ஆவது எண் 1043618065. உங்கள் நிரல் சரியா என்று பார்க்க இந்தக் கடைசி எண் போதும். 0-வில் மட்டும் தொடங்கக் கூடாது, அது அங்கேயே நின்றுவிடும்.

இதை விளையாட்டுக்கும் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள், ரகசியம் காக்கப் பயன்படுத்தாதீர்கள். ஒரு மதிப்பு தெரிந்தால் அடுத்து வரும் எல்லாமும் தெரிந்துவிடும். அதைவிட ஆழமான பலவீனமும் இருக்கிறது. ப − 1-இன் மிகப்பெரிய பகா காரணியே 331-தான். 7-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் இந்த எண் வந்தது என்ற கேள்வியை, போலிக்–ஹெல்மன் முறை ஒவ்வொரு காரணிக்கும் ஒரு சிறு கேள்வியாக உடைத்துவிடும். எந்தத் துண்டிலும் 331-க்கு மேல் தேட வேண்டியதில்லை. ஆயிரம் இலக்கப் பகா எண்ணாக இருந்தாலும் ப − 1 இப்படிப் பொடிப்பொடியாகப் பிரிந்தால் டிஃபி–ஹெல்மன் சாவிப் பரிமாற்றத்துக்கு (பொதுத் தடத்தில் பேசும் இருவர் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ளும் முறை) அது உதவாது. அங்கே (ப − 1)/2-உம் பகா எண்ணாக இருக்கும்படி தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இதுவே. நம் எண்ணில் அது 2^30 − 1, பகு எண்.

படி 9: உறவுகள்

இதற்கு முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659. இரட்டைப் பகா எண் அல்ல: ப − 2 என்பது 5-ஆல் வகுபடும், ப + 2 என்பது 3-ஆல். 2ப + 1 = 2^32 − 1 = 3 × 5 × 17 × 257 × 65537 என்பதால் சோஃபி ஜெர்மேன் பகா எண்ணும் (2ப + 1-உம் பகா எண்ணாக அமையும் வகை) அல்ல.

2^30 × ப = 2305843008139952128. இது ஒரு நிறைவு எண், அதாவது தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் தனக்கே சமமாகும் எண். 31-உம் 2^5 − 1 என்ற மெர்சென் பகா எண் என்பதால், நம் ப இரட்டை மெர்சென் வகையைச் சேரும். இந்த ஏணியில் இன்னொரு படி ஏறினால் என்ன? 2^ப − 1 பகா எண் இல்லை. 295257526626031 அதை வகுக்கிறது. படி 2-இன் வடிகட்டி இங்கேயும் பொருந்துவதைப் பாருங்கள்: இந்தக் காரணி 2 × 68745 × ப + 1.

படி 10: மிகப் பெரிய எண்களுக்குப் போகும்போது

2024 அக்டோபரில் கண்டறியப்பட்ட 2^136279841 − 1-க்கு 41024320 இலக்கங்கள். சோதனைகள் அடிப்படையில் இவைதான். பெருக்கலுக்கு மட்டும் வேகமான ஃபூரியே மாற்றம் (மிகப் பெரிய எண்களை விரைவாகப் பெருக்க உதவும் உத்தி) தேவைப்படுகிறது. முதற்கட்டச் சோதனையில் அடிமானமாக 3-ஐ எடுக்கிறார்கள். 2-ஐ ஏன் எடுப்பதில்லை என்பது படி 4-ஐப் படித்தவர்களுக்குத் தெரியும்.

முழு எண்ணையும் எழுதாமலே அதன் இரு முனைகளையும் அறியலாம். கடைசி இரண்டு இலக்கங்களுக்கு, அடுக்கை 20-ஆல் வகுங்கள், மீதி 1. எனவே 2^136279841-க்கு 25-இல் மீதி 2, 4-இல் மீதி 0. இரண்டுக்கும் பொருந்துவது 52. ஒன்று கழித்தால் 51.

இலக்க எண்ணிக்கைக்கு, அடுக்கை 2-இன் மடக்கையால் பெருக்கி, முழுப்பகுதியோடு 1 கூட்ட வேண்டும். பள்ளி மடக்கை அட்டவணையின் 0.30103-ஐ எடுத்தால் 41024320.54 வரும், விடை 41024321 என்று ஓர் இலக்கம் கூடிவிடும். 0.30102999566398 என்று எடுத்தால்தான் 41024319.9453 வந்து, 41024320 என்ற சரியான எண்ணிக்கை கிடைக்கும். பின்னப்பகுதியான 0.9453-ஐ 10-இன் அடுக்காக்கினால் 8.817 அளவில் வரும், ஆகவே அந்த எண் 881 என்று தொடங்குகிறது. எட்டு இலக்க அடுக்கோடு பெருக்கும்போது மடக்கையின் ஒன்பதாவது தசம இடத்தில் உள்ள வேறுபாடுகூட விடையின் முதல் தசம இடத்தை அசைத்துவிடும். குறைந்தது 14 தசம இடங்களை வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.